சாந்தன்பாறையில் கறுப்பு என்றால்

கேரள மலையிலுள்ள சாந்தன்பாறைக்கு வழி கேட்டு எழுதுகிறவர்களுக்கெல்லாம் நான் போடி வழியைத்தான் சொல்கிறேன். அந்த வழியில் நான் முதன்முதலில் போனது எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த மச்சான், அதாவது அக்காவின் கணவர், இடுப்பு வலிக்கென்று அபினைத் தொட்டார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. அதை விடவைக்க அக்காவும் நானும் எங்கள் ஊரான கஞ்சிக்கோட்டிலிருந்து கிளம்பினோம்.

வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் வெகுநேரம் நின்றது. கோவை, பழனி, திண்டுக்கல் என்று மாறி மாறி ஏறி, போடியில் தங்கினோம். மறுநாள் மலைப்பாதை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு ஏறுங்கள். போடிமெட்டில் குளிர்காற்று முகத்தில் அடித்தபோது அக்கா, "அவரு பொழச்சுக்குவாரா தம்பி?" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சாந்தன்பாறையில் இறங்கியதும் மச்சானை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நான் வெந்நீர் வாங்கி வருவதற்குள் மலையாளி டாக்டர் பார்த்து முடித்துவிட்டார். உள்ளே நர்ஸ் தூக்க மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அபினைப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே தம்பி," என்றாள் அக்கா. "கறுப்பு உண்டோன்னு கேட்டாரு. பால் உடாத வரக்காப்பியத்தான் கேக்கறாருன்னு, அதை உட்டு ஆறு மாசமாச்சுங்கன்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலையாளத்தில் கறுப்பு என்றால் அபின். ஃபேக்டரியில் மலையாளிகளோடு வேலை பார்த்ததால் எனக்குத் தெரியும். பாவம், வீட்டோடு இருந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? மச்சான் அன்று காலையில்கூட ஓர் உருண்டை போட்டிருந்தார். கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தார். டாக்டர் மச்சானின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "கறுப்பு உள்ளில் உள்ளப்போ இது குத்தினால் ஸ்வாசம் நின்னு போகும்," என்றார். தூக்க மருந்து, அபினை ஏற்கனவே விட்டவருக்கு. விடாதவருக்கு அபின் சாற்றையே சொட்டுக் கணக்கில் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பதில்தான் ஆபத்து குறைவாம்.

"ஏனுங்க, நஞ்சை நிறுத்த அந்த நஞ்சேவா? பாம்புக்குப் பால் வாக்கறதாட்ட இருக்குதுங்களே," என்று அக்கா அழுதாள்.

அதிலும் அபாயம் உண்டென்பதை டாக்டர் மறைக்கவில்லை. சீசாவைப் பூட்டி வைக்க வேண்டும். முழுக்க விட்ட பிறகு, ஆசைப்பட்டுப் பழைய அளவை ஒரு தடவை போட்டாலும் உயிரே போகலாம்.

மச்சான் மெல்லத் தேறினார். மூவரும் ஊர் திரும்பும்போது போடிமெட்டில் அக்கா டீ வாங்க பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நெடுநாளாக மனதை அரித்ததைக் கேட்டுவிட்டேன்.

"இத்தனை வருசமா கேரளாவுல வண்டி ஓட்டறீங்களே மச்சான், டாக்டர் கேட்ட கறுப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மாப்பிளை. உட்டு ஆறு மாசமாச்சுன்னு அவ சொன்னா பாரு, அது நெசமா இருந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. பொய்யின்னு சொல்ல வாய் வரலை."



ஆடியில் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இந்தப் பழக்கத்துக்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன. எது யாருக்கு ஆபத்தில்லாதது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் முதலில் கேட்பது அதே கேள்விதான். எந்த மொழியில் கேட்டாலும், மனைவி பக்கத்தில் இருந்தாலும், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.