ஆற்றங்கரையில் ஒரு காம்பவுண்டு

என் மச்சினன் எபினேசரைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கோடீஸ்வரனாகிவிட்டான் என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர், ஆற்றோடு போய்விட்டான் என்று சர்ச் வாசலில் இன்னொருவர். இரண்டும் புளுகு. நடந்ததை நான் சொல்கிறேன்.

சங்கரன்கோவிலில் அவனுக்கு ஹார்டுவேர் கடை இருந்தது. அவன் அப்பாவுக்குக் குருவிகுளம் பக்கம் மானாவாரி நிலம். பக்கத்து நிலத்துக்காரர் வண்டி போக வழி கேட்டார். மாமா பாவம் பார்த்து வழி விட்டார். பிறகு அது பொதுப்பாதை என்று அதே மனிதர் கேஸ் போட்டு ஜெயித்தும் விட்டார். மாமா கோர்ட்டுக்கு அலைந்து அலைந்தே போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து வழி என்ற பேச்சை எடுத்தாலே எபினேசருக்கு முகம் மாறிவிடும்.

அவன் மனைவி ப்ரியதர்ஷினி நர்ஸ். அவளுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் கடையை விற்றுவிட்டுக் கூடவே போனான். அங்கே ஆற்றங்கரையில் வீட்டோடு ஒரு இடம் வாங்கினான். சும்மா கொடுத்தது போன்ற விலை. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு, "நம்ம யோகம் அத்தான்" என்றான். வானம் பார்த்த பூமியில் பிறந்தவன், வருஷம் பூராவும் தண்ணீர் ஓடும் ஆற்றைப் பார்த்ததும் மயங்கிவிட்டான்.

வீடியோ காலில் இடத்தைக் காட்டுவான். வீடு ஆளுயரத் தூண்களின் மேல் நின்றது. கரையோர மரங்களின் உச்சிக் கிளைகளில் காய்ந்த புல் கற்றை கற்றையாகத் தொங்கியது.

"அது என்னலே, காக்கா கூடா?" என்று கேட்டாள் என் மனைவி பொன்செல்வி.

"தெரியலக்கா. எல்லா மரத்துலயும் இருக்கு" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு உயரத்துக்குப் புல்லை எது கொண்டுபோயிருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போனைத் திருப்பி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடக் கட்டப்போகும் குடில்களுக்குத் தோண்டிய குழிகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்தில் ஷெரில் என்ற பெண்ணின் மாட்டுப் பண்ணை. ஒண்டியாள். இவர்கள் குடிவந்ததும் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். மோட்டார் ஓடாதபோது அவள்தான் வந்து சரிசெய்தாள். கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடைய மேய்ச்சல் நிலத்தை ஆறு மூன்று பக்கமும் வளைத்துப் போகிறது. தண்ணீர் ஏறினால் மாடுகள் மேட்டுக்குப் போக எபினேசரின் இடம் ஒன்றுதான் வழி. அதை மட்டும் அடைத்துவிடாதே என்றாள்.

"இங்கனயும் ஆரம்பிச்சிட்டாங்க அத்தான்" என்றான் அன்று. "ரொட்டி எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. இன்னைக்கு மாடு போவும், நாளைக்கு டிராக்டர் போவும், அப்புறம் கேஸ் வரும்."

"ஏலே, அந்தப் பிள்ள மாட்டுக்குத்தானல கேக்குது" என்றாள் பொன்செல்வி.

"அப்பாட்டயும் இப்படித்தான்க்கா கேட்டாங்க."

"அடைச்சாலும் ஒரு கேட்டாவது போடும் மாப்ள" என்றேன் நான்.

"கேட்டு போட்டா வழி உண்டுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

பெரிய வக்கீல்! எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

அங்கே எல்லோரும் கம்பி வேலி போடுவார்கள். இவன் அஸ்திவாரம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, நம்மூர் காம்பவுண்டு சுவரையே எழுப்பினான். ஷெரில் வந்து இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். அப்புறம் அவள் அந்தப் பக்கம் வரவேயில்லை.

மார்ச்சில் மழை பிடித்தது. "ஆறு நிறைஞ்சு போவுது அத்தான்" என்று சந்தோஷமாகத்தான் சொன்னான். மறுநாள் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், அவனுக்குச் சாயங்காலம், மறுபடி கூப்பிட்டான். குரலே சரியில்லை. ப்ரியதர்ஷினி ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டிருந்தாள், ரோடு மூழ்கிவிட்டது. போனைத் திருப்பிக் காட்டினான். மேய்ச்சல் நிலம் முழுக்கத் தண்ணீர். மாடுகள் வரிசையாக, பழகிய தடத்திலேயே, நேராகச் சுவரை நோக்கி வந்தன. பின்னால் இடுப்பளவு தண்ணீரில் ஷெரில். முன்னால் வந்தவை சுவரில் முட்டி நின்றன. பின்னால் வந்தவை அவற்றை நெருக்கின.

"சம்மட்டிய எடுத்துட்டுப் போறேன்" என்று போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

எங்களுக்கு வராந்தாக் கூரை மட்டும் தெரிந்தது. மற்றதைக் கேட்டோம். பொன்செல்வி சாப்பிட்ட கையோடு ஜெபம் பண்ணினாள். சுவர் அவனே பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டியது, லேசில் உடையுமா? சம்மட்டி அடி விழுந்துகொண்டே இருந்தது. மாடுகளின் கதறல்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஷெரிலைக் கையைப் பிடித்துச் சுவருக்கு மேலே தூக்கிவிட்டான். மாடு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மெஷின் வைத்துச் சுவரை இடித்தான். வழியைப் பத்திரத்திலேயே எழுதித் தருகிறேன் என்று சொல்ல அவள் வீட்டுக்குப் போனான். அவள் பண்ணையை விற்பதற்குப் பலகை மாட்டிவிட்டு, சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இவன் அழுதுகொண்டே குருவிகுளத்து நிலம், வழி கேட்டவர், கேஸ், அப்பா செத்தது எல்லாவற்றையும் சொன்னான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அந்த ஆள் நான் இல்லையே, எபினேசர்" என்றாள். பிறகு பெட்டியை ஏற்றிவிட்டுக் காரை எடுத்தாள்.