சட்டையில் துடைத்த விரல்

கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன் என் கணவர் ஆட்காட்டி விரலைச் சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். பாகம் பாகமாக வாங்கி அவரே பூட்டிய பெட்டி அது. இரும்புக் கதவுகளுக்கும் படிக்கட்டுகளுக்கும் அதில்தான் வரைந்து பட்டறைக்கு அனுப்புவார். அங்கே அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சாப்பாடு இறங்காது.

இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. டம்ளரில் பாதிதான் டீ ஊற்றிக் கொடுப்பேன். மீதி எங்கே என்று அவரும் கேட்க மாட்டார்.

அன்று காலை விரலைத் துடைத்துப் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"இதுக்கும் திங்கக்கிழமை புடிக்கல போல," என்றார்.

வரைந்து முடித்த படிக்கட்டுப் படம் அதற்குள்தான் இருந்தது. அது ஐந்து மணிக்குள் பட்டறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். இனியும் பிந்தினால் வேறு ஆள் பார்ப்பேன் என்று பட்டறை முதலாளி சொல்லியிருந்தார்.

ராம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். எழவில்லை. வட்ட பேட்டரியை எடுத்துப் போட்டார். அலமாரி மேலிருந்து பழைய பவர் சப்ளையை இறக்கி மாற்றினார். "இதோ வந்துரும்," என்றார் ஒவ்வொரு தடவையும். பெட்டிக்கு மூளையான ப்ராசஸர் பக்கம் மட்டும் கை போகவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் தூசி தட்டும்போது அதையும் கழற்றினார். திரும்ப வைக்கையில் கை உதறி, அது முனை குத்தி, தான் உட்காரும் குழியின் மயிரிழைக் கம்பிகள்மேல் விழுந்தது. சட்டென்று எடுத்து வைத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தேன்.

எட்டாவதோடு நின்றவள் இதில் என்ன சொல்வது என்று கூச்சம். அதைவிட, "உங்க கை" என்றல்லவா தொடங்க வேண்டும்!

மதியம் முதலாளி கூப்பிட்டார். "என்ன அளவுக்காரரே, நீங்க அனுப்புறதுக்குள்ள படிக்கட்டு கேட்ட வீட்டுக்காரர் பேரன் எடுத்துருவார் போலிருக்கே!"

இவரும் சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

நாலரைக்கு என்னால் முடியவில்லை. "ஏங்க, நேத்து அது நழுவினப்ப..."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

திறந்தோம். கம்பிகள் மிதிபட்ட புல்லாகச் சாய்ந்திருந்தன. அவர் டார்ச் பிடித்தார். நான் ஊசியால் நிமிர்த்தினேன். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒன்று நிமிர்ந்தது. அடுத்தது ஒடிந்தது.

படம் இருந்த டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த தெரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார். அங்கே உடனே திறந்தது. படம் போனபோது ஐந்தே முக்கால்.

"வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன். இனி நீங்க சிரமப்பட வேணாம், ஐயா," என்றார் முதலாளி. அந்த 'ஐயா'வை அவர் முன்பு சொன்னதே இல்லை.

எட்டு மாதம் ஆகிறது. பெட்டி மூடியில்லாமல் மேசைக்கு அடியில் இருக்கிறது. வேறு பட்டறை எதுவும் கூப்பிடவில்லை. நான் ஒரு துணிக்கடையில் மடித்து வைக்கும் வேலைக்குப் போகிறேன். அவர் வீட்டில் இருக்கிறார்.