வாசிக்கப்படாத பெயர்

லெந்து என்னும் தவக்காலம், முதல் ஞாயிறு: படுக்கையிலிருந்த என் மனைவி எப்சிபா, தனக்காகச் சபையார் ஜெபிக்கும்படி ஒரு சீட்டு எழுதித் தந்தாள். சபைப் போதகரான ஐயரிடம் நான் அதைக் கொடுக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு முதல் ஐந்தாம் ஞாயிறு வரை: அவ்வாறே.

ஆறாவதான குருத்தோலை ஞாயிறு: அவளுக்குக் கை நடுங்கியது. அவள் சொல்ல, நான் எழுதினேன். கொடுக்கவில்லை.

அடுத்து வந்த புதன்: இறந்தாள்.

மறதியன்று. ஆறு முறையும் தெரிந்தே மறைத்தேன்.

எங்கள் பாளையங்கோட்டைச் சபையில் நோயாளியின் பெயரை ஆராதனையில் வாசித்தால், அன்று மாலையே நாலு பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாடுவார்கள், ஜெபிப்பார்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் தத்துவம் போதித்த பேராசிரியன். விசுவாசம் என்பது தனி மனிதனுக்கும் தேவனுக்கும் இடைப்பட்டது என்று பிரசங்க மேடையிலேயே முழங்கியவன். என் வீட்டுத் துன்பத்துக்கு ஊர் கூட வேண்டுமா? விசாரித்தவர்களிடம், எப்சிபா தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

அவளோ ஞாயிறுதோறும் கட்டிலருகே நான்கு நாற்காலிகள் போடச் சொன்னாள். போட்டேன்... ஆம், போட்டேன்!

“பேரு வாசிச்சாவளா?”

“வாசிச்சாவ.”

வண்ணார்பேட்டைச் செல்லக்கனி அக்கா சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் அவளுக்கு மூத்தவர். “அக்கா எட்டுச் சரணமும் பாடாம எழும்ப மாட்டா. அவளுக்கு முதுகு சாயுத நாற்காலியாப் போடுங்க” என்பாள் எப்சிபா.

குருத்தோலை ஞாயிறன்று மாலை அவள் நாற்காலி கேட்கவில்லை. “அவியளுக்கு என்ன சோலியோ. நீங்க போயி யார்ட்டயும் கேட்டுராதிய” என்றாள். கைபேசி தலைமாட்டில்தான் கிடந்தது. தன் பெயரைக் கேட்ட பின்னும் வரவில்லை என்று அவள் நம்பியவர்களை அழைக்க அவளுக்கு மனமில்லை.

நான் ஜெபிக்காதவன் என்று எண்ணிவிடாதீர்கள். முழங்கால் வீங்கும்வரை ஜெபித்தேன். அதைக் குறை சொல்ல யாரையும் விடமாட்டேன். ஆனால் அவள் கேட்டது நாலு குரல்... என்னிடம் இருந்தது ஒன்று.

அடக்க ஆராதனை முடிந்ததும் செல்லக்கனி அக்கா என்னை மறித்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பேன்லா சார். ஏன் மறைச்சிய?”

“அவதான் வேண்டாம்னா” என்றேன்.

சபை தன்னைக் கைவிட்டதென்று நம்பி அவள் போனாள். அவள் தங்களை ஒதுக்கினாளென்று நம்பிச் சபை அழுகிறது. இரண்டும் என் கைவேலை!

துக்கம் அறிவை மயக்கிற்று என்று எனக்காக வாதாட வராதீர்கள். அறிவு தெளிவாகத்தான் இருந்தது. அகந்தையும் தெளிவாக இருந்தது. மன்னிப்பையும் நீட்டாதீர்கள். அதைத் தரும் உரிமை உள்ளவள் உங்களில் இல்லை. பிறரிடம் கை நீட்ட வேண்டும் என்பதை இன்று அறிந்திருக்கிறேனா? அறிந்திருக்கிறேன். நீட்டுகிறேனா?

செய்யாமல் கிடப்பவை:

செல்லக்கனி அக்காவிடம் உண்மையைச் சொல்வது.

ஐயருக்குத் தொடங்கிய கடிதத்தை முடிப்பது.

கல்லறைக்கு வாசகம் எழுதுவது.

என் கண்புரை அறுவைக்கான படிவத்தில், ‘உடனிருப்பவர் பெயர்’ என்ற இடத்தை நிரப்புவது.