வாங்க என்று சொல்லாத கடை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், கடைக்குப் போனில் வரும் விலாசங்களும்தான். ஞாபகமும் முன்போல் இல்லை. முன்னே பின்னே மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் எங்கள் கடை. சாவு வீட்டுக்கு வேண்டிய சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுவோம். ஐஸ் பெட்டி என்றால் இறந்தவரைக் கிடத்துகிற கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் போக ஆரம்பித்த பிறகு அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. பிள்ளை வந்து முகத்தைப் பார்க்கிற வரைக்கும் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் பெட்டி. வேறெதற்கும் இல்லை.

வீட்டுக்காரர் ஆரம்பித்த கடை. அவர் போன பிறகு மகன் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவான், நான் கடையில் உட்கார்ந்து போனை எடுப்பேன். புது ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஆனால் இந்தத் தொழிலுக்கு அந்தக் கூச்சம் ஒத்துப்போயிற்று. போனில் நான் கேட்பது மூன்றே மூன்று. எந்த வீடு, எத்தனாவது மாடி, பிள்ளை எப்போது வந்து சேருவார். கடைக்கு நேரில் வருகிறவர்களை நாங்கள் "வாங்க" என்று சொல்வதில்லை. எழுந்து நின்று தலையை மட்டும் அசைப்போம். போகும்போது அவர்களும் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் இறங்கிப் போவார்கள். சாவு வீட்டில் என்ன வழக்கமோ அதுதான் கடையிலும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். மகன் ஒருநாள் சொன்னான். "வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்கதாம்மா இப்ப பெட்டிக்குச் சொல்றாங்க. அவங்க நம்ம போர்டையா பார்க்கப் போறாங்க? நெட்லதான் தேடுவாங்க. நாம ஒரு வெப்சைட் போட்டாகணும்."

அவன் சொன்னது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். போட்ட விதம்தான் தப்பு.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். அதை நடத்தியவரே வெப் டிசைனிங்கும் செய்வதாகப் போர்டு மாட்டியிருந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கடைக்கு வந்து உட்கார்ந்து, என்ன கலர் பிடிக்கும், லோகோ இருக்கிறதா, எழுத்து ஓட வேண்டுமா, மின்ன வேண்டுமா என்றெல்லாம் மகனைக் கேட்டார். போன் பண்ணுகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அதைச் சொல்லக்கூடிய நான் அவருக்கு எதிரிலேயே மோர் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

பத்து நாளில் முடித்துவிட்டேன், பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். நானும் போனேன். திரையில் பக்கம் துண்டு துண்டாக வந்தது. முதலில் ஒரு தாமரை. பிறகு ரோஜா இதழ்கள் மேலிருந்து உதிர்ந்தன. அது முடிவதற்குள் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கெட்டிமேளத்தோடு கிளம்பியது. நடுவில் பெரிய எழுத்து ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. என்ன எழுதியிருக்கிறது என்று மகனைக் கேட்டேன். வெல்கம் என்றான். அடியில் குஞ்சம் கட்டின நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எங்களுடையவை இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் செய்துகொடுத்த பக்கம் அது. மேலே எங்கள் கடைப் பெயரை மட்டும் ஒட்டியிருந்தார்.

மகன் காதில் சொன்னேன். "மேளம் வாணாம்டா. சாவு வூட்டுக்காரங்களை வெல்கம்னு கூப்புடுவாங்களா?"

அவருக்குக் கேட்டுவிட்டது. "ஆன்ட்டி, உலகம் பூரா ஹோம் பேஜ்ல வெல்கம்தான். அது ஸ்டாண்டர்டு."

"கடை நம்பர் எங்க தம்பி?"

"அதுக்குத்தான் ஃபார்ம் இருக்கே ஆன்ட்டி. ஃபில் பண்ணி அனுப்பினா மெயில் வந்துடும். நம்பரை மேல போட்டா டிசைன் கெட்டுடும்."

"நீ சும்மா இரும்மா," என்றான் மகன். "அவருக்குத் தெரியும்."

நான் சும்மா இருந்தேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். எங்கள் நம்பர் அந்தத் திரையில் எங்கேயும் இல்லை என்பதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கோபத்தில் முதல் பங்கு என்மேல்தான்.

அடுத்த சித்திரையில், கத்திரி வெயில் நேரம், ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். தலை மொட்டை. பார்த்ததுமே காரியம் முடித்து வந்தவர் என்று தெரிந்தது. மகன் வண்டலூருக்குச் சாமியானா போடப் போயிருந்தான். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை. கையில் இருந்த கலர் பிரிண்டை மேஜைமேல் வைத்தார். தாமரை தெரிந்தது.

"இது உங்க கடைதானேம்மா?"

"ஆமாங்க. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க."

"நான் படிக்கிறேன்," என்றார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. "விசேஷ தேதி. இன்னைக்குன்னு போட்டேன். விருந்தினர் எத்தனை பேர். காலியா விட்டா அடுத்ததுக்குப் போகல. ஒண்ணுன்னு போட்டேன். சைவமா அசைவமா. சைவம்னு போட்டேன். அனுப்பினதும் என்ன வந்துச்சு தெரியுமாம்மா? உங்கள் பதிவு கிடைத்தது, உங்கள் வீட்டு விசேஷம் சிறக்க வாழ்த்துகள்."

தாளை என் பக்கம் திருப்பி, எங்கள் நம்பரை மறுபடி தேடினேன்.

மேடவாக்கத்தில் அவருடைய அம்மா விடியற்காலையில் இறந்திருக்கிறார். அமெரிக்காவில் இருந்த இவருக்கு அப்பா போன் பண்ணியிருக்கிறார். இவர் நெட்டில் தேடி, எங்கள் பக்கத்தைப் பார்த்து, நம்பர் கிடைக்காமல் அந்த ஃபார்மை எழுதி அனுப்பியிருக்கிறார். "வேற நேரமா இருந்தா இதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பேன். பதிவு கிடைத்ததுன்னு இருந்துச்சில்ல, அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. தாம்பரத்துல இருந்து பெட்டி வரும்பா, நான் சொல்லிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் ஆகாயத்தில். யாரும் அவரைக் கேட்க முடியாது. இங்கே அப்பா வாசலிலேயே நின்றிருக்கிறார். தண்ணீர் லாரி வந்து நின்றால்கூட பெட்டிதான் என்று இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். வேறு இடத்தில் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னபோது, "புள்ள சொல்லிட்டான், வந்துடும்" என்றிருக்கிறார். உச்சி வெயிலுக்குப் பிறகு வேறு இரண்டு இடத்தில் கேட்டபோது பெட்டி வெளியே போயிருந்தது. ஐஸ் பாளம் வாங்கி வைத்துப் பார்த்தார்களாம். அந்த வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? இனி வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லி நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தார். பெற்ற பிள்ளை மறுநாள் வந்து இறங்கினபோது கூடத்தில் விளக்கு மட்டும்தான்.

"நான் சண்டை போட வரலம்மா. அப்பா என்னை ஒண்ணு கேட்டாரு. நீ நெஜமாவே பெட்டிக்குச் சொன்னியா, இல்ல என் வாயை அடைக்க அப்படிச் சொன்னியான்னு. இந்தப் பேப்பரைக் காட்டினேன். கல்யாண மண்டபத்துப் பேப்பரைக் கொண்டாந்து காட்டுறியேடான்னு தூக்கிப் போட்டுட்டாரு. நான் அனுப்பினது உங்களுக்கு வந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் திரும்பிப் போறேன்."

எங்களுக்கு எதுவும் வரவில்லை. அந்த அம்மா இறந்த அன்றைக்கு எங்கள் இரண்டு பெட்டியும் கடையிலேயே துணி போர்த்திக் கிடந்தன. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. "நாளைக்குள்ள தெரிஞ்சு சொல்றேங்க" என்றேன். வீடு எது, எத்தனாவது மாடி என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் பேசாமல் படியிறங்கிப் போனார்.

மகன் வந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். சாயங்காலம், கூட்டமாக இருந்தது. டிசைன்காரர் எழுந்து, "வாங்க ஆன்ட்டி" என்றார்.

"எங்க கடைக்கு வர்ற மெயிலு எங்க போவுது?"

அவர் திருதிருவென்று விழித்தார். எதையோ தட்டினார், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார், மறுபடி தட்டினார். கடைசியில் திறந்தது. திறக்காத கடிதங்கள் கறுப்பு எழுத்தில் ஏழு நின்றன. ஏழுக்கும் தலைப்பு ஒன்றேதான் என்றான் மகன். புதிய விசேஷப் பதிவு. மேடவாக்கத்துக் கடிதம் அதில் ஒன்று. இன்னொன்று பொழிச்சலூர் என்று மகன் படித்தான். அதற்குமேல் அவனால் படிக்க முடியவில்லை.

"டெஸ்ட்டிங்குக்கு என்னோட பழைய மெயில் ஐடி போட்டிருந்தேன் ஆன்ட்டி. மாத்த மறந்துட்டேன். சின்ன மிஸ்டேக்குதான்."

சின்ன மிஸ்டேக் என்று அவர் சொன்னதும் என் கூச்சமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "எதுய்யா சின்னது? பெத்தவ மூஞ்சிய ஒருத்தன் பார்க்காம போனது சின்னதா? ஒரு நாள் எனக்குப் போன் பண்ணி, ஏதாவது மெயிலு வந்துச்சாம்மான்னு கேட்டிருப்பியா? உன் வூட்டுல ஒண்ணு ஆச்சுன்னா வாசல்ல நின்னு வெல்கம்னு சொல்லுவியா? மேளம் அடிச்சு பூ தூவுவியா?"

"இன்னாது, மேளமா?" என்றார் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர். எட்டித் திரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து டிசைன்காரர் எங்கள் பக்கத்தைத் திறக்க, நாதஸ்வரம் கிளம்பியது. "அட இன்னாபா நீ, ஐஸ் பெட்டிக்குக் கெட்டிமேளம் வெச்சுகீறே! பந்தி எத்தினி மணிக்குன்னும் போட்டுகீறியா?"

யாரோ சிரித்தார்கள். டிசைன்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. மகன், "போதும்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

"நீ சும்மா இரு," என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "தம்பி, இப்பவே மாத்து. நான் பார்த்துட்டுத்தான் போவேன். மேளத்தை எடு. பூவை எடு. அந்த வெல்கமை எடு. அடுத்தவன் நாற்காலியை எடு."

"எல்லாத்தையும் எடுத்துட்டா பேஜே காலியாயிடும் ஆன்ட்டி."

"காலியாவே இருக்கட்டும். மேல எங்க நம்பரைப் போடு. வயசானவங்களுக்குத் தெரியுற மாதிரி பெருசா. அது ஓடக் கூடாது, மின்னக் கூடாது, நிக்கணும். கீழ ஐஸ் பெட்டி, நாற்காலி, சாமியானா. எந்தெந்த ஊருக்கு வருவோம். அவ்ளோதான். ஃபார்மும் வாணாம்."

அவர் தட்டத் தட்டப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிந்தது என்றார். திரையில் இருக்கிற நம்பரைப் பார்த்து நீயே போன் பண்ணு என்றேன். பண்ணினார். மகன் சட்டைப்பையில் இருந்த கடை செல்போன் அடித்தது. வெப்சைட் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வாங்கச் சொன்னேன். அந்த மேடவாக்கத்துக் கடிதத்தை, வந்த நேரம் தெரியும்படி பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். முதல் நாளே இவ்வளவையும் செய்திருக்கலாம். அரை மணிகூட ஆகவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலையில் மகனோடு மேடவாக்கம் போனேன். மூன்றாவது மாடி. பெரியவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்களை வாங்க என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவர் மகன் சுவரோரமாக நின்றார். நான் பேப்பரைப் பெரியவரிடம் கொடுத்தேன்.

"ஐயா, உங்க புள்ள பெட்டிக்குச் சொன்னது நெஜம். இது எங்களுக்கு வர வேண்டிய கடுதாசி. வேற ஆளுகிட்ட போய்க் கிடந்துது. தப்பு எங்க பேர்ல."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சு நாப்பதுன்னு இருக்கே. நான் உனக்குச் சொன்னதே அஞ்சரைக்குத்தானேடா."

"ஆமாம்பா."

"பத்து நிமிஷத்துல சொல்லியிருக்கே."

பிள்ளை உள்ளே போய்விட்டார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்ககிட்ட பெட்டி இருந்துதா?"

பொய் சொல்லியிருக்கலாம். மகன் என் முகத்தைப் பார்த்தான். "ரெண்டும் இருந்துதுங்க," என்றேன்.

அவர் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்தோம்.

மற்ற ஆறு பேருக்கும் மகன் பதில் எழுதினான். இரண்டு பேர் திட்டி எழுதினார்கள். மற்றவர்கள் எழுதவே இல்லை. அந்த வீடுகளில் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடிதம் வந்த நேரம் அஞ்சு நாற்பது என்று எழுதியிருக்கிறேன். என் ஞாபகத்தை நம்பித்தான் எழுதினேன். பேப்பர் அந்தப் பெரியவரிடம் போய்விட்டது, எங்களிடம் வேறு பிரதி இல்லை. எடுத்தது நாலு மணிக்கு என்பதும் அந்தப் பிள்ளை சொல்லிக் கேட்டதுதான். அந்த வீட்டார் யாராவது இதைப் படித்தால், அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, தப்பிருந்தால் திருத்திச் சொல்லுங்கள். முக்கியமாக அந்த அஞ்சு நாற்பதை. நான் நிமிஷத்தைக் கூட்டி எழுதிவிட்டால் அந்தப் பிள்ளை தாமதமாகச் சொன்னதாக ஆகிவிடும்.