நாளுக்கு முப்பது காப்பிக் கொட்டை

என் கணவர் தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டுகிறார். காலையில் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார், திரும்பும்போது காப்பி மூட்டையோ மிளகு மூட்டையோ ஏற்றி வருவார். யாருக்காவது பிரசவ வலி என்றால் வத்தலகுண்டு வரைக்கும் இறங்குவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவருக்குச் சோலி. நான் இங்கேயே தொடக்கப் பள்ளியில் ஆசிரியை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. மூட்டை தூக்கும்போது தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் புடைத்துக்கொண்டு வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மூன்று மாதம் ஓட்டினார். கடைசியில் நான்தான் திண்டுக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு அவரை எடை மேடையில் ஏறச் சொன்னார். நூற்று நாலு கிலோ.

"ஆபரேஷன் பண்ணலாம். இந்த எடையில பண்ணினா தையல் தாங்காது, திரும்ப வந்துரும். நாலு மாசம் டயம் தர்றேன். பன்னெண்டு கிலோ கொறச்சிட்டு வாங்க."

என் கணவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் உணவு ஆலோசகராக ஒரு இளம்பெண் இருந்தார். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் தயக்கமே கிடையாது. நாளுக்கு ஆயிரத்தைந்நூறு கலோரி என்று எழுதி, எந்தப் பண்டத்தில் எத்தனை என்று அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார்.

"சார், எதையும் விடச் சொல்லல. ஆனா வாய்க்குள்ள போற எல்லாத்துக்கும் கணக்கு வேணும். நோட்ல எழுதுங்க, போன்ல போடுங்க, எப்படி வேணா வெச்சுக்கங்க. மனசுல மட்டும் வெக்காதீங்க. மனசு நமக்குச் சாதகமாத்தான் கூட்டும்."

எனக்கும் எழுபத்தெட்டு கிலோ இருந்தது. துணைக்கு நானும் இருக்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பட்டிவீரன்பட்டி தாண்டி மலை ஏறுவதற்குள் போனில் ஒரு செயலியை இறக்கி, இருவருடைய உயரம், எடை, வயதெல்லாம் போட்டு முடித்தேன். கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்ற நினைப்பு.

செயலிக்கு எங்கள் சமையல் தெரியவில்லை. சுரைக்காய்க் கூட்டு என்று போட்டால் வடநாட்டுப் பண்டம் எதையாவது காட்டி இதுவா என்று கேட்கும். ஒருவழியாக நான் பழகிக்கொண்டேன். அவர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டுப் போனை என்னிடமே நீட்டினார்.

"வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்க ஒடிக்கிற கையி. இந்தப் பொடி எழுத்த எங்கிட்டுப் போயித் தேட?"

மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, ஒரு இட்லி எவ்வளவு?"

"ஏறக்குறைய அம்பது."

"அப்ப ஒரு நாளைக்கு எத்தன இட்லி?"

"முப்பது."

எழுந்து வெளியே போனார். மொட்டை மாடியில் எங்கள் தோட்டத்துக் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து முப்பது கொட்டைகளை எண்ணி எடுத்துக் காக்கிச் சட்டையின் இடது பையில் போட்டுக்கொண்டார். மூன்று இட்லி தின்றுவிட்டு மூன்று கொட்டையை வலது பைக்கு மாற்றினார். சட்னிக்கு என்ன என்று கேட்டார். ஒன்று என்றேன். இன்னொன்றையும் மாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இடது பை காலியானால் அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. அவருடைய முறை அவ்வளவுதான்.

பகலெல்லாம் வெளியே இருப்பவருக்கு இது எப்படிச் சரிப்படும் என்று நினைத்தேன். சரிப்பட்டதற்குக் காரணம் ஜீப் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள். இவர் பிறந்தது இந்த மலையில்தான் என்றாலும் டீயை இன்றைக்கும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். கொட்டை விஷயம் காதில் விழுந்ததும் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அந்தத் தாள எனக்கு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க."

வேப்ப மரத்துக்குப் பதிலாக எங்கள் பள்ளியில் ஒரு சில்வர் ஓக் மரம் உண்டு. அதன் அடியில் நின்று முழுத் தாளையும் படித்தேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் கடையில் என் கணவருக்கென்று ஒரு தனிக் கரண்டி வந்தது. அந்தக் கரண்டியில் தலை தட்டி ஒரு கரண்டிச் சோறு என்றால் இரண்டு கொட்டை. சர்க்கரை இல்லாத டீ ஒன்று, போட்டால் இரண்டு. வடை மூன்று கொட்டை கணக்கில் வந்ததால் அவருக்கு மட்டும் சிறிதாகத் தட்டி இரண்டு கொட்டை வடையாகப் போட்டார். "தேத்தண்ணிக்கு ஒண்ணு, வடைக்கு ரெண்டு, மூணு மாத்துங்கண்ணே" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். பள்ளிக்கூடத்துக்கே போகாத அந்த அம்மாள் ஒரு நாளும் கூட்டலில் தவறியதில்லை.

எங்கள் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரும் அப்போது எடை குறைத்துக்கொண்டிருந்தார். அவர் எண்ணிக்கைப் பக்கமே போகவில்லை. சாப்பிடுமுன் தட்டைப் படம் பிடிப்பார், ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் படங்களையும் வரிசையாகப் பார்ப்பார். "படம் எடுக்கணுமேன்னு நெனச்சாலே ரெண்டாவது பஜ்ஜிக்குக் கை போகாது டீச்சர்" என்பார். அவருக்கு அதிலேயே குறைந்தது. எனக்கு இவர்களைப் பார்த்தால் கொஞ்சம் இளப்பமாகக்கூட இருந்தது. என் செயலி தினமும் பச்சை நிறத்தில், நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்ததே.

ஆறு வாரம் கழித்து காப்பிக் கிட்டங்கிக்குப் போனோம். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில்தான் எங்களுக்கு எடை. அவர் ஏறினார். தொண்ணூற்றெட்டரை. சுமை தூக்குகிறவர்கள் கைதட்டினார்கள். நான் ஏறினேன். எழுபத்தெட்டு கிலோ அறுநூறு கிராம்.

"பச்சக் கொட்டை மாதிரி டீச்சருக்கு ஈரம் காயலங்க, அதான் எடை எறங்கல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தராசைக் குறை சொன்னேன், தைராய்டாக இருக்கும் என்றேன், செயலியே தப்பு என்றேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"போனு என்னம்மா செய்யும்? நீ சொன்னத நம்புது."

எனக்கு இரண்டு நாள் அவர்மேல் கோபம். மூன்றாம் நாள்தான் உட்கார்ந்து யோசித்தேன். நோட்டுத் திருத்தும்போது ஒரு கை பேனா பிடிக்கும், இன்னொரு கை வறுத்த கடலை டப்பாவில் இருக்கும். அது கணக்கில் வரவில்லை. தோசை சுடும்போது பிய்ந்த ஓரமெல்லாம் என் வாய்க்குள் போகும். அதுவும் வரவில்லை. இரண்டு கரண்டிச் சோறு தின்றுவிட்டு ஒன்றரை என்று போட்டிருக்கிறேன். யாரும் கேட்காத பொய்யை, ஒரு போனிடம், ஆறு வாரமாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரத்தில்தான் ஒன்றைப் பார்த்தேன். மதிய இடைவேளை, பள்ளி வாசலில் நின்றிருந்தேன். எதிரே ஜீப்பில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பழனிக்குப் போய்விட்டு வந்த குடும்பம் ஒன்று இறங்கும்போது கொஞ்சம் பஞ்சாமிர்தத்தை இலைத்துண்டில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. கண்ணில் ஒற்றி, நக்கிச் சாப்பிட்டார். கையைத் துடைத்தார். பிறகு இடது பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வலது பையில் போட்டார். அவரைச் சுற்றி ஒருவர்கூட இல்லை. நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை அப்படி மதித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நேர்மை என்று பலகையில் எழுதிப் போட்டவள் நான்.

அன்று மாலை செயலியை நீக்கிவிட்டு ஒரு நோட்டு எடுத்தேன். சாப்பிட்டபின் எழுதினால் கை குறைத்துத்தான் எழுதும் என்று தெரிந்துவிட்டதால், முதலில் எழுதிவிட்டு அதன்பிறகே தொடுவது என்று வைத்துக்கொண்டேன். கடலை டப்பாவுக்கும் ஒரு வரி. அந்த மாதமே இரண்டு கிலோ இறங்கியது.

அவருக்கு மூன்றாம் மாதம் சோதனை வந்தது. முதலில் அவருடைய அண்ணன் மகள் கல்யாணம். அன்று காலையில் வெறும் டீ மட்டும் குடித்துவிட்டு மிச்சத்தைப் பந்திக்கு வைத்துக்கொண்டார். இலையில் இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்று கையால் மறித்ததும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, ஆம்பளை திங்கிற சோறாடா இது? வையிங்க அவனுக்கு!"

இவர் எழுந்து நின்று இடது பையை வெளியே இழுத்துக் காட்டினார். "அண்ணே, காலி. வேணும்னா நாளைக்கு வாரேன்." பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எடை இறங்காமல் நின்றுவிட்டது. இரண்டு வாரமாகத் தொண்ணூற்றைந்திலேயே நின்றது. ஒருநாள் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போடும்போது இடது பையில் ஏழு கொட்டை மிச்சம் இருந்தது. மறுநாள் பதினொன்று. நான் கேட்பதற்குள் டீக்கடை அம்மாளே வந்துவிட்டார்.

"டீச்சர், அண்ணே மத்தியானம் சோத்துப் பக்கமே வாராரு இல்ல. தேத்தண்ணியோட எந்திரிச்சிர்றாரு. நான் சொன்னா கேக்குறாரு இல்ல."

அன்று சாயங்காலம் பேசலாம் என்று இருந்தேன். அதற்குள் நடந்துவிட்டது. எஸ்டேட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், இறக்கத்தில் ஒரு வளைவுக்கு முன்னால் அவருக்குக் கண் இருட்டியிருக்கிறது. நல்லவேளை, மலைப் பக்கமாக ஒடித்து நிறுத்திவிட்டார். ஒரு பெண் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள். இன்னொருத்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை அவர் வாயில் போட்டிருக்கிறாள். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு மெதுவாக வந்து சேர்ந்தார்.

வீட்டில் நுழைந்ததும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. "வண்டில பதினோரு பொம்பளைங்க இருந்தாங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் திட்ட வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, உணவு ஆலோசகருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் நான் அடக்கியதையும் சேர்த்துத் திட்டினார்.

"முப்பதுக்கு மேல போகாதீங்கன்னு மட்டும் நான் சொல்லல சார். முப்பதையும் சாப்பிடுங்கன்னும்தான் சொன்னேன். மிச்சம் வெச்சா அதுவும் தப்புக் கணக்குதான். மூட்டை ஏத்துற அன்னைக்கு நாலு கூட எடுத்துக்கங்க. எடை நின்னா நிக்கட்டும், தானா எறங்கும். நாளைக்கு வந்து ரத்தத்தையும் ஒருக்கா பாத்துட்டுப் போங்க."

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மறுநாள் போய் ரத்தம் கொடுத்தோம். பயப்பட ஒன்றுமில்லை. அதற்கப்புறம் அந்தச் சட்டையில் ஒரு கொட்டைகூட மிச்சம் இருந்து நான் பார்க்கவில்லை. பத்து நாளில் எடை மறுபடி இறங்க ஆரம்பித்தது.

நாலாம் மாதக் கடைசியில் திண்டுக்கல் மேடையில் தொண்ணூற்றிரண்டரை காட்டியது. அரைக் கிலோ கூடுதல். என் கணவர் குற்றவாளி மாதிரி நின்றார். டாக்டர் பழைய சீட்டையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்த அரைக் கிலோவ நான் பாத்துக்கிறேன், நீங்க வெள்ளிக்கிழமை வந்து படுங்க" என்றார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இன்றைக்குத் தொண்ணூறு கிலோவில் இருக்கிறார். மூட்டை தூக்குவதை மட்டும் விட்டுவிட்டார். நான் எழுபத்தொன்று.

போன மாதம் அந்த உணவு ஆலோசகர் கூப்பிட்டார். எடை குறைக்க வந்திருக்கும் நோயாளிகளோடு சார் கொஞ்சம் பேச முடியுமா என்றார். என் கணவர் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை. மாட்டேன் என்றவரை நான்தான் கிளப்பிக்கொண்டு போனேன். இருபது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பைகளைக் காட்டி நடந்ததைச் சொன்னார். வளைவில் கண் இருட்டியதையும் விடவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். "ஏங்க, ஒருநாளுகூட ஏமாத்தத் தோணலையா?"

"தெனமும் தோணும்ங்க" என்றார் இவர். "ஏமாத்துனா எடைதான எறங்காது? தராசு முன்னால நிக்கப்போறதும் நாந்தான?"

பேசி முடித்ததும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தாளித்த எண்ணெய்க்கு எத்தனை, மோருக்கு எத்தனை, பேரன் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்துத் தின்றால் அது யார் கணக்கு என்று ஆளுக்கொரு கேள்வி. அவர் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நேரமாகிறது, வெரசா வாங்க என்று இரண்டு முறை கையைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஜீப்பில் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.