கேக் மாஸ்டரின் விரல்

கேக் மாஸ்டருக்குச் சர்க்கரை நோய் என்றதும் பேக்கரியே சிரித்தது. இருபத்தாறு வருடம் ஐசிங் மேசையில் நின்றவருக்கு வேறென்ன வரும் என்றார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

புதன்கிழமைதோறும் மாவு மூட்டை அறையில் வகுப்பு. மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவியும் மாணவனும் வந்து, தொழிலாளர்களையும் வீட்டாரையும் உட்காரவைத்து, சாப்பாடு, நடை, விரலில் குத்திச் சோதிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கொரு மீட்டரும் நோட்டும் தந்தார்கள். மாஸ்டர் வாயைக் கட்டினார். ருசி பார்ப்பதைக்கூட அடுத்தவரிடம் விட்டார். மூன்று மாதத்தில் பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிற்று.

நோட்டு மட்டும் ஒத்துவரவில்லை. விடுமுறை நாளில் நூற்று நாற்பது. வேலை நாளில் இருநூற்று எண்பது. அடுத்த புதன் டாக்டர் வந்து பார்த்தால் இன்சுலின் ஊசிதான் என்றாள் மாணவி. பிறகு தயங்கி, வேலை நேரத்தில் ஏதாவது வாயில் போடுகிறாரா என்று கேட்டாள்.

மனைவிக்கு அது போதும். "வீட்ல இருந்தா இறங்குது, கடைக்குப் போனா ஏறுது. ஏங்க, எறும்பா வந்து தின்னுட்டுப் போகுது?"

ஊசிக்கு அவர் பயப்படவில்லை. திருட்டுத்தீனிக்காரன் என்ற பெயரோடு அதைப் போட்டுக்கொள்வதுதான் பொறுக்கவில்லை.

கேக் அமுங்கினால் மாஸ்டர் மாவைத் திட்டுகிற ஆள் இல்லை. முதலில் தராசைப் பார்ப்பார். மீட்டரைப் புரட்டிப் பார்த்தார், குறை தெரியவில்லை. பிறகு தன் கையைப் பார்த்தார். விரல் துடைக்கக் கொடுத்த பஞ்சு முதல் வாரமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் கடையில் ஏப்ரனில்தான் துடைத்துக்கொண்டிருந்தார். ஏப்ரன் முழுக்க ஐசிங் தூள், மாவாகப் பொடித்த சர்க்கரை.

புதன்கிழமை டாக்டர் நோட்டைத் திறக்குமுன் மாஸ்டர் எழுந்தார். எல்லோரும் பார்க்க, மேசையிலிருந்து வந்த கையோடு விரலை ஏப்ரனில் துடைத்துக் குத்தினார். இருநூற்றுத் தொண்ணூறு. சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, அதே விரலில் மறுபடி குத்தினார்.

நூற்று முப்பத்தெட்டு.

அறையில் விசில் பறந்தது. மாணவியின் முகம் வெளுத்தது: தேவையில்லாத ஊசியால் சர்க்கரை அடியோடு இறங்கி, சூடான அடுப்பின் முன் இந்த மனிதர் மயங்கி விழுந்திருக்கலாம். சுவரில் மாட்டியிருந்த பாட அட்டையில், எல்லாவற்றுக்கும் மேலே, கை கழுவச் சொல்லிப் பெரிதாக எழுதினாள். டாக்டர் அதோடு விடாமல் மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதுவும் மாஸ்டர் பக்கமே பேசியது.

அவரைச் சந்தேகித்த யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எண் பேசினால் மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். மாஸ்டர் மூடிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று வீட்டுக்கு நடக்கையில் மனைவி மெல்லச் சொன்னாள்: "கை தின்னதுக்கு வாயைத் திட்டிட்டேன்."

"என்ன சொன்ன? வண்டிச் சத்தத்துல காதுல விழலை."

தெருவில் ஒரு வண்டியும் இல்லை. அவள் இன்னொரு தரம் சொன்னாள்.