ஆறு மணிக்கு மேல் ஆங்கிலத் துறை

டிணுங், டிணுங். வாசல் கேட்டின் சங்கிலியில் வண்டிச் சாவி படும் சத்தம். ஆளைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே போக உரிமை உள்ளவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சாவியால் மெதுவாகத் தட்டுகிறவர்கள் சந்தேகம் கேட்க வந்தவர்கள்.

கல்லூரி வாட்ச்மேனுக்குக் காவல் என்பது பேருக்குத்தான். நிஜமான வேலை, ஆபீஸ் பூட்டிய பிறகு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. எனக்கு டூட்டி மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை. கேட்டை ஒட்டிய முதல் கட்டடம் ஆங்கிலத் துறை. அதனால் அந்தத் துறைக்குப் பொழுது சாய்ந்தபின் விசாரணை அதிகாரி நான்தான். யாரும் கொடுக்காத பதவி. ஆஸ்பத்திரி வாசலிலோ, பஸ் ஸ்டாண்டிலோ நீங்களும் இந்தப் பதவியில் மாட்டியிருந்தால் என் பாடு புரியும்.

உள்ளே என்ன பாஷை?

பெருந்துறைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பையனுக்கு பி.ஏ. ஆங்கிலம் கிடைத்திருந்தது. எந்த ரூம், எத்தனை போட்டோ, எத்தனை ஜெராக்ஸ் என்று எல்லாம் கேட்டு முடித்தார். ஆனால் போகவில்லை. வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அட்மிஷன் போடற மேடத்துகிட்ட நான் பேசோணுமுங்களே. உள்ளார தமிழு ஒத்துக்குவாங்களா?" என்றார்.

"அந்த மேடம் கேன்டீன்காரரைத் திட்டறதெல்லாம் நம்ம பேச்சுலதானுங்க" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"அப்பத் தைரியமா வாரேனுங்க. திட்டுனாலும் புரியுமல்ல!"

எந்த பேட்ச்?

நான் எட்டாவது வரைக்கும்தான். மில்லில் நைட் ஷிஃப்ட், அப்புறம் இங்கே; எப்படியோ ராத்திரி என்னை விடவில்லை. ஓரிடத்தில் உட்காரவும் வராது. உட்கார்ந்தால் வேண்டாத நினைப்பெல்லாம் வரும். அதனால் நடப்பேன். நடக்கிற வழியில் துறையின் நோட்டீஸ் பலகை. புரியாத வார்த்தையை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அட்டை கிழிந்ததென்று துறையில் கழித்துப் போட்ட அகராதி ஒன்று என்னிடம் இருக்கிறது. இப்படியே வருஷக்கணக்காகப் படித்ததில், எந்தப் பேப்பருக்கு எத்தனை யூனிட், இன்டர்னலுக்கு எவ்வளவு, அரியருக்கு எப்போது கட்ட வேண்டும் எல்லாம் மனப்பாடம்.

ஒரு நாள் இரண்டாம் வருஷத்துப் பையன் ஒருவன், விமர்சனப் பேப்பரில் கட்டாயக் கேள்வி எது என்று கேட்டான். சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு, "ஏனுங்ணா, நீங்க எந்த பேட்ச்?" என்றான். "நான் இன்னும் முடிக்கலை கண்ணு" என்றேன்.

அவன் என் தோளைத் தட்டினான். "உடுங்ணா, எனக்கும் ரெண்டு அரியர் கெடக்குது."

வெள்ளிக்கிழமை

இந்தப் பெருமையெல்லாம் ஓர் ஆனி மாசத்தில் இறங்கியது.

எங்கள் துறைத்தலைவி அம்மாவுக்கு ஒரு பழக்கம். நோட்டீஸில் தேதி மாறினால் புதிதாக அச்செடுக்க மாட்டார். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டுத் தாளில் பச்சை மையில் எழுதிப் பழையதன் மேல் ஒட்டிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை மாலை சாவி தட்டியது. கணபதிப் பகுதியில் ஒரு லேத்துப் பட்டறையில் மோட்டார் ஷாஃப்ட் கடைபவரும், அவர் மகள் சுகன்யாவும். அவர் நகக்கண்ணெல்லாம் கிரீஸ். பட்டறை விட்டால்தான் வர முடியும். அதற்குள் ஆபீஸ் பூட்டிவிடும். சுகன்யாவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. சொன்ன நாளில் அசல் சான்றிதழோடு வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். என்றைக்கு வர வேண்டும்? பலகையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

"வேற காலேஜுக்கும் போட்டிருக்குதா அம்மணி?" என்று கேட்டேன்.

"எங்கியும் போடலீங்ணா. இது ஒண்ணுதான் ஒரே பஸ்ஸுல வர்றது. கெடைக்கலீன்னா துணிக்கடையில பில்லுப் போடப் போகோணும்."

அவள் அப்பா பலகையைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க சொன்னாப் போதுமுங்க. வெள்ளிக்கெழம லீவு சொல்லிப்போடறேன்."

கணபதியில் எத்தனை லேத்து

புதன் விடியற்காலை வாசலைக் கூட்டி, கூடையை இலைக்குழியில் கவிழ்த்தேன். முந்தின நாள் கொட்டிய புங்கன் சருகுக்குள் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. இலை இல்லை, மை. எடுத்துப் பார்த்தேன். 'புதன்' என்று எழுதியிருந்தது. அதாவது இன்றைக்கு. ஆனிக் காற்று பிய்த்துப் போட்டதை, செவ்வாய் காலையில் நான் படிக்காமல் கூட்டித் தள்ளியிருக்கிறேன். ஊரில் இருக்கிற காகிதத்தையெல்லாம் படிக்கிறவன், காலடியில் கிடந்ததைப் படிக்கவில்லை.

நோட்டீஸில் இருந்த துறையின் நம்பருக்கு அடித்தேன். அந்நேரத்துக்கு யார் எடுப்பார்கள்? சுகன்யா வீட்டு நம்பரை நான் வாங்கவில்லை. ஆறு மணிக்குச் சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டு மொபெட்டில் கணபதிக்குப் போனேன். அங்கே வீதிக்குப் பத்துப் பட்டறை. அத்தனையிலும் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. நாலைந்து டீக்கடையில் விசாரித்தேன். அந்த மனுஷர் பேரையும் நான் கேட்டிருக்கவில்லையே! கடைசியில் ஒரு டீக்கடைக்காரரிடம், "மக பேரு சுகன்யா, இங்கிலீஷ் படிக்கப் போகுது" என்றதும் அவர் சிரித்தார். "அட, நம்ம பழனிச்சாமி! டீ குடிக்க வர்றவனுக்கெல்லாம் புள்ள மார்க்கு சீட்டக் காட்டுனவராச்சே. பின் சந்துல மூணாவது ஊடுங்க."

பழனிச்சாமி டிபன் தூக்கோடு வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். மணி எட்டே முக்கால். விஷயத்தைச் சொன்னேன். ஆபீஸிலிருந்து மெசேஜ் போயிருக்கும்தான். ஆனால் விண்ணப்பத்தில் இருந்தது பிரவுசிங் சென்டர்காரர் நம்பராம். சுகன்யா பாதிப் பின்னலோடு சான்றிதழ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தப்பு என் மேல்தான் என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன்.

பழனிச்சாமி தூக்கை என் கையில் திணித்தார். "ஏனுங்க, திட்டறதுக்கு இப்ப நேரமில்லீங்க. மொதல்ல வண்டிய ஒதுக்குங்க!"

பாதிப் பாதி

தூக்கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து பலகை அருகில் நின்றேன். பத்தேகாலுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பத்தரைக்கு வெளியே வந்தபோது கையில் சேர்க்கைச் சீட்டு இருந்தது. பின்னல் இன்னும் பாதிதான். பழனிச்சாமி என் கையிலிருந்த தூக்கை வாங்கித் திறந்து என் பக்கம் நீட்டினார். தக்காளிச் சாதம். மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்றபடியே சாப்பிட்டோம்.

அப்புறம் துறைத்தலைவி அம்மாவிடம் போய், "அந்தத் துண்ட நான்தானுங்க கூட்டிப்போட்டேன்" என்றேன். எத்தனை பேருக்கு வெள்ளி என்று சொன்னீர்கள் என்று கேட்டார். இவர்களுக்கு மட்டும்தான் என்றதும் மூச்சு விட்டார். அதற்கப்புறம் தேதி மாறினால் பலகையில் புது அச்சுதான் ஏறியது.

"பசை என்னோடது, சீமாறு உங்களோடது. தப்பைப் பாதிப் பாதி வெச்சுக்கலாம்" என்றார்.

நம்பிக்கை

வகுப்பு தொடங்கி ஒரு மாதம் இருக்கும். நூலகத்தில் நேரமாகி, சுகன்யா ஆறரைக்குக் கேட்டைத் தாண்டிப் போனாள். போனவள் திரும்பி வந்தாள். "ஏனுங்ணா, நாளைக்கு டெஸ்ட்டு மொத பீரியடுங்களா, ரெண்டாவதுங்களா?" நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பலகையை நோக்கி நடந்தேன்.

"இருங்ணா, இருங்ணா! நான் மேடத்தையே கேட்டுக்கறேன்."

நியாயம்தானே. இத்தனை வருஷம் ராத்திரி விழித்துப் படித்ததன் மொத்தப் பலன், குப்பையைக்கூட ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டதுதான் என்று நினைத்தபடி, விடிந்ததும் சீமாறை எடுத்துப் பலகைக்குக் கீழேயிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.